காத்தான்குடிக்கு லைனிங் துணி வாங்கப் போவது பற்றி

ஏப்ரல் பிறந்தால் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும். கனடா ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வீடியோ வீடியோவாக அனுப்புவார். நைஜீரியா, எகிப்து, பாகிஸ்தான், கடைசியில் எங்கள் மட்டக்களப்பு. "இனியும் அடி வாங்கிக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே இருக்கப் போறியளா?" என்று கீழே ஒரு வரி இருக்கும். கொழும்பிலிருக்கும் சித்தி உடனே பூப்படம் போட்ட வசன அட்டை ஒன்றை எடுத்துவிடுவார், சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று. அண்ணன் அதற்குக் கோபக்குறி போடுவார். சித்தி இன்னொரு வசனம் அனுப்புவார். யாராவது பிறந்தநாள் கேக் படம் போட்டால்தான் அது ஓயும்.

பிறகு இருவருமே என்னிடம் தனியாகக் கேட்பார்கள், "நீ அங்கேயே இருக்கிறாய், நீ என்ன சொல்லுறாய்?" வட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற கதையா அது? அதனால் இங்கே எழுதுகிறேன். நான் மெதடிஸ்த சபைக்காரி. புளியந்தீவில் சின்னதாக ஒரு தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடை, சாரி பிளவுஸ், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நன்மை உடுப்பு, இவைதான் பிழைப்பு. இறையியல் படித்தவள் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். எல்லாம் தற்கொலைக் குண்டுகள். 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தவன் முதலில் கத்தோலிக்கர்களின் புனித மரியாள் பேராலயத்துக்குத்தான் போனான் என்று பிறகு தெரிந்தது. அங்கே பூசை முடிந்துவிட்டிருந்தது. அங்கிருந்து சீயோனுக்கு நடந்தான். ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகள் வெளியே முற்றத்தில் காலைச் சாப்பாட்டுக்கு நின்ற நேரம். பையோடு வந்தவனில் சந்தேகப்பட்டு வாசலிலேயே ஒருவர் மறித்தார். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். மறித்தவரும், வெளியே நின்ற பிள்ளைகளில் பலரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பேராலயத்தில்தான் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் ஜோசப் பரராஜசிங்கம் எம்.பி.யைச் சுட்டுக் கொன்றார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

சரி, மன்னிப்பு. சீயோன் சபையின் போதகர், நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொன்னார். உலகமெல்லாம் அதைத் தூக்கிக் கொண்டாடியது. எனக்கு அவரில் மரியாதை உண்டு. அந்த வாரத்தில் அதைச் சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தவர்களிடம் போய், "நீங்களும் மன்னித்துவிட்டீர்களா?" என்று மைக்கை நீட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியக்காரர்கள் கேட்டார்கள், எங்கள் ஆட்களும் கேட்டார்கள். என்னிடம் தையல் பழக வந்த ஒரு பெண் அக்காவின் மகனை அங்கே பறிகொடுத்தவள். ஒரு நாள் பொத்தான் துவாரம் கட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "மன்னிக்கச் சொல்லி வாற ஆக்கள் எல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் வாறாங்க அக்கா. எங்கட வீட்டில சமைச்சே மூண்டு நாள்."

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம், இருபது வருஷம் கழித்து மன்னிக்கலாம். அது அவளுக்கும் கடவுளுக்கும் இடையிலான காரியம். அவளுக்குப் பதிலாக சபையோ சித்தியோ நானோ மன்னித்துவிட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மறு கன்னத்தைக் காட்டு என்று சொன்னவரை ஒருநாள் உண்மையாகவே கன்னத்தில் அறைந்தார்கள், பிரதான ஆசாரியனின் வீட்டில், விசாரணை நடக்கும்போது. யோவான் 18இல் இருக்கிறது. அவர் பேசாமல் மறு கன்னத்தைத் திருப்பவில்லை. நான் பேசியது பிழை என்றால் என்ன பிழை என்று சொல், சரி என்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கேட்டது ஒரு சேவகனிடம், அதிகாரத்தின் ஆளிடம். திருப்பி அடிக்கவும் இல்லை, கேள்வியை விடவும் இல்லை. சித்தியின் வசன அட்டைகளில் இந்தப் பகுதி ஒருநாளும் வந்ததில்லை.

2019க்குப் பிறகு இலங்கைக் கிறிஸ்தவர்களில் ஒரு பெரும் பகுதி செய்தது இதற்கு நேரே தலைகீழ் என்பதுதான் என் எண்ணம். அயலில் இருந்த முஸ்லிமைத் தண்டித்தோம். கேட்க வேண்டிய ஆட்சிக்காரர்களை, வேறு முகமூடியில் வந்தபோது, வாக்குப் போட்டு வரவேற்றோம்.

தண்டித்த கதையை முதலில் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த கதை. அந்த மே மாதத்தில் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். நான் லைனிங் துணி, நூல், சிப், ஊக்கு எல்லாம் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில்தான் வாங்குவது. கல்லடிப் பாலம் கடந்து, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், அப்புறம் நடு றோட்டில் பேரீச்சை மரம் நிற்கிற காத்தான்குடி. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். சபையில் ஒரு பெரியவர், மரியாதைக்குரியவர்தான், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமேல் அங்க வேண்டாம் மகள். கொழும்பு புறக்கோட்டையில் இருந்து எடுப்பம்." புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் பேச்சை விடவில்லை.

நான் போனேன். கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவது, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் சொல்வோம். காக்கா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார், கண்கலங்கினார் என்றெல்லாம் எழுத ஆசைதான். அவர் எரிச்சலில் இருந்தார். துணியை விரித்து அளந்துகொண்டே பேசினார். "சஹ்ரானப் பத்தி நாங்க 2017லயே பொலிசுக்குச் சொன்னம் புள்ள. இஞ்ச சண்டை புடிச்சிட்டு ஓடினவன். எத்தனை பேர் கடிதம் குடுத்த. இப்ப எங்களிட்ட வந்து கேக்கிறானுகள், ஏன் சொல்லல்ல எண்டு." அளந்த கணக்கு பிழைத்துப்போய் திரும்பவும் முதலிலிருந்து அளந்தார். விலை குறைக்கவும் இல்லை.

அவர் சொன்னது பொய் இல்லை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுதாரிகளுக்குத் தலைவனாய் இருந்த சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரன், தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்ற தீவிரவாதக் குழுவின் ஆள். 2017 மார்ச்சில் அங்கேயே சூஃபி முஸ்லிம்களோடு வாளும் தடியுமாக மோதல் நடந்து, பொலிஸ் தேடத் தொடங்கி, அவன் தலைமறைவானான். அவனுடைய வெறிக்கு முதலில் அடிவாங்கியவர்கள் முஸ்லிம்கள். குண்டு வெடித்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் அவன் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள். குண்டுதாரிகளின் உடல்களை எங்கள் மையவாடிகளில் அடக்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் உலமா சபை சொன்னது.

அண்ணனுக்கு இதைச் சொன்னால், "அப்போ இஸ்லாத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் குர்ஆனை வைத்துத்தான் பேசினான், மதத்தின் பெயரால்தான் ஆள் சேர்த்தான், செத்தவனும் சொர்க்கம் போவதாக நம்பித்தான் செத்தான். இதை வெறும் சதி, மதமே இல்லை என்று சொல்லி விழுங்குவது செத்தவர்களுக்குச் செய்கிற துரோகம். முஸ்லிம் நண்பர்களிடமும் இதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு கொள்கையை எதிர்க்கிறதற்கும் ஷட்டரை இறக்கச் செய்கிறதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

தமிழர்களுக்கு இது தெரியாமல் இருக்க ஞாயமே இல்லை. 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் அந்தத் துவாரங்களை இன்னும் பூசாமல் வைத்திருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். சுட்டவர்கள் என் மொழி பேசினவர்கள், எனக்காகத்தான் சுடுகிறோம் என்றவர்கள். அதன் பிறகு முஸ்லிம் ஊர்காவல் படைக்காரர் சிலர் தமிழ்க் கிராமங்களில் பழி தீர்த்ததும் உண்மை. அந்தப் பழி எதையாவது ஆற்றியதா? காக்காவின் கடைக்கு இத்தனை வருஷமாய்ப் போகிறேன், 1990க்கு நீ என்ன பதில் சொல்லுறாய் என்று ஒருநாளும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

நீர்கொழும்பில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அகதிகளாக வந்து அங்கே வாடகை வீடுகளில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களை அந்த வாரமே வெளியேற்றினார்கள். அநேகர் அஹ்மதியாக்கள் என்ற சிறு பிரிவினர், தங்கள் நாட்டில் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அதில் பாகிஸ்தான் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்! பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்தின் வாகனக் கொட்டகையிலும் பிள்ளைகுட்டிகளோடு படுத்துக் கிடந்தார்கள். தேவாலயத்தில் குண்டு வைத்ததற்குப் பழிவாங்கப் போய், தேவாலயத்துக்குப் போகிறவனையே தெருவில் விட்டாயிற்று. மே 13ஆம் திகதி மினுவாங்கொடை, குளியாப்பிட்டி, கொட்டாரமுல்லை என்று கம்பஹாவிலும் வடமேற்கிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒரு முஸ்லிம் தச்சரை வெட்டிக் கொன்றார்கள். எரித்த கும்பல்களை நடத்தியவர்கள் சிங்கள பௌத்தக் கடும்போக்காளர்கள், எங்கள் துக்கத்தை யாரும் கேட்காமலே கடன் வாங்கியவர்கள்.

கர்தினால் மல்கம் ரஞ்சித்தைப் பற்றி இரண்டும் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் அவர் இல்லாவிட்டால் நீர்கொழும்பில் இன்னும் எத்தனை பிணம் விழுந்திருக்குமோ தெரியாது. ஒரு முஸ்லிமின் மேலும் கை வைக்காதீர்கள் என்று மன்றாடினார், மே மாத ஆரம்பத்தில் அங்கே கைகலப்பு வந்தபோது நேரே போய் நின்றார். ஆனால் அடுத்த மாதம், முஸ்லிம் ஆளுநர்களையும் அமைச்சர் ஒருவரையும் பதவி நீக்கச் சொல்லி கண்டியில் உண்ணாவிரதம் இருந்த பௌத்த பிக்கு அத்துரலியே ரதன தேரரைப் பார்க்கவும் போனார். அன்றுதான் ஆளுநர்களும் முஸ்லிம் அமைச்சர்களும் கூண்டோடு விலகினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது, எங்கள் கண்ணீரை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று புரிந்தது. குருநாகல் வைத்தியர் ஷாபி சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்ற கதையும் அந்த நாட்களில்தான் ஓடியது. ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. 2022இல் நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்தபோது, நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, அவர் அதை ஆஸ்பத்திரி மருந்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். சத்துருவைச் சிநேகிப்பதற்கு எங்கள் வேதப் பரீட்சையில் உதாரணம் கேட்டால் இதையே எழுதலாம்.

இனி அரசு. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. சஹ்ரானின் பெயர், தேவாலயங்கள் குறி என்பதெல்லாம் வந்தது. 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் போனது, பிறகு பொலிஸுக்குள்ளே சுற்றியது. ஜனாதிபதி மைத்திரிபாலவுக்கும் பிரதமர் ரணிலுக்கும் முகம் பார்க்காத சண்டை, பிரதமரைப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. கடிதம் மேசை மேசையாய்ப் போனது, ஒரு தேவாலயத்துக்கும் வரவில்லை. உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்புச் சொன்னது: மைத்திரிபால 10 கோடி ரூபாய், பொலிஸ் மா அதிபராய் இருந்த பூஜித ஜயசுந்தரவும் அரச புலனாய்வுத் தலைவராய் இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராய் இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சொந்தக் காசில் கட்ட வேண்டும். இது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பு இல்லை. பிள்ளைகளை இழந்த தகப்பன்மாரும் குருமாரும் சட்டத்தரணிகளும் மனுப் போட்டுக் கிடந்து வாங்கிய தீர்ப்பு. லூக்கா 18இல் அநீதியுள்ள நீதிபதியின் கதவை விடாமல் தட்டிய விதவை இருக்கிறாளே, அவளைப் போல. இயேசு அந்த விதவையைப் பார்த்து "மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லவில்லை.

நடுவில் 2019 நவம்பர் தேர்தல். குண்டு வெடித்த அதே வாரத்தில் வேட்பாளராக நிற்கப் போவதாகச் சொன்ன கோட்டாபய ராஜபக்ஷ, யுத்த காலத்துப் பாதுகாப்புச் செயலாளர், பாதுகாப்பு என்ற ஒரே சொல்லில் வென்றார். தெற்கில் கத்தோலிக்கர் பலரும் அந்தச் சொல்லுக்குத்தான் வாக்குப் போட்டார்கள். மட்டக்களப்பு போடவில்லை, அவருடைய பாதுகாப்பு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு முன்னரே தெரியும். பிறகு என்ன நடந்தது? தாக்குதலை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியில் அவர் கைக்குப் போனது, அதை நிறைவேற்றச் சொல்லி மார்ச் 7ஆம் திகதி கறுப்பு உடுத்திக்கொண்டு பூசைக்குப் போகவேண்டி வந்தது. இதற்கிடையில் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள், 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன குழந்தையைக்கூட. கிறிஸ்தவர்களின் உடலும் எரிந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அதை எதிர்த்துக் கொழும்பில் பொரளை மயான வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் காக்காவின் கடை லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டி என் கடைக் கேற்றில் கட்டினேன். சபைப் பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் அவர் வீட்டு வேலியிலும் ஒன்று இருந்தது என்று எழுதலாம், ஆனால் இருக்கவில்லை.

அரசியலாக ஒரு கிறிஸ்தவர் என்ன செய்ய வேண்டும் என்றால் என் பதில் ஒரு சட்டத்தில் போய் முட்டும். 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். தமிழர் வீடுகளில் அதற்கு விளக்கம் தேவையில்லை. என் தம்பி யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அதன் கீழ் உள்ளே இருந்தவன், குற்றப்பத்திரிகையே இல்லாமல். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அதே வலையை முஸ்லிம்கள் மேல் வீசினார்கள். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியில்தான் பிணையில் வந்தார். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் தமிழில் எழுதிய கவிதைகளைத் தீவிரவாதம் என்று சொல்லி ஒன்றரை வருஷத்துக்கு மேல் அடைத்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று ஒரு மாலையில் சொல்லியிருப்பார்கள். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுதலை செய்தது. அந்தப் பிள்ளைக்காக எத்தனை சபைகளில் ஜெபம் நடந்தது? எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இல்லை.

2019 ஓகஸ்ட் கடைசியில் நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான். சீயோன் குண்டுதாரியின் எஞ்சிய உடற்பாகத்தை அரச அதிகாரிகள் கள்ளியங்காடு இந்து மயானத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். ஊர் எழும்பியது, பொலிஸோடு தள்ளுமுள்ளானது, கடைசியில் நீதிமன்ற உத்தரவோடு தோண்டி எடுத்தார்கள். கொலைகாரனுக்கும் ஆறடி நிலம் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஊரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரவோடு இரவாக, இந்துக்களின் சுடலையில்? எச்சரிக்கைக் கடிதத்தை எங்களுக்குக் காட்டாத அதே அலட்சியம்.

2025 ஏப்ரல் 8ஆம் திகதி, கிழக்கு மாகாண முதலமைச்சராய் இருந்த பிள்ளையான் மட்டக்களப்பில் கைதானார். பரராஜசிங்கம் கொலை வழக்கில் ஐந்து வருஷம் உள்ளே இருந்து, 2020இல் சிறையிலிருந்தே எம்.பி.யாகி, 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டவர். இந்தமுறை, 2006இல் காணாமல் போன கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் விவகாரம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றி முன்னமே அறிந்திருந்தார் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். அவருடைய முன்னாள் ஊடகப் பேச்சாளர் ஆசாத் மௌலானா 2023இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் சொன்ன குற்றச்சாட்டுகளும் இருக்கின்றன. பிள்ளையான் மறுத்திருக்கிறார். எது உண்மை என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், அது சீக்கிரம் நடக்க வேண்டும் என்று யாரைவிடவும் நான் விரும்புகிறேன். ஆனால் அவரை எந்தச் சட்டத்தின் கீழ் 90 நாள் வைத்தார்கள்? என் தம்பியை வைத்த அதே சட்டம். ஊரில் அநேகர் பட்டாசு கொளுத்தாத குறை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சட்டத்தில் வாங்குகிற வாக்குமூலத்தை யார் நம்புவது? நாளைக்கு ஆட்சி மாறினால் எல்லாம் பொய் என்று குப்பையில் போடுவார்கள், சீயோன் பிள்ளைகளின் வழக்கும் அதோடு போய்விடும்.

எங்கள் சபையில் உயிர்த்த ஞாயிறு வாரத்தில் இறந்தவர்களுக்காக ஒரு மன்றாட்டு வாசிப்போம். அதில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி இருப்பவர்களுக்காகவும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் குழுவில் கேட்டேன். "பொதுவாச் சொல்லுறியளா, இல்லாட்டி அந்த ஆளையும் சேர்த்தா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரையும் சேர்த்துத்தான் என்றேன். காத்தான்குடிக்காரரையுமா என்று இன்னொருவர். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். செயலாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.